நீலப்பூச் செடி முளைக்காத ஊர்

பிரெக்கி பண்ணை,
மொன்டானா.
நவம்பர் 16, 2008

அன்புள்ள கார்லின் அக்காவுக்கு,

ஹேட்டி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் கோல்பி அத்தானும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

கடிதம் எதற்கு, ஃபோன் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பாய். ஃபோன் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. அதுவும் தவிர, ஃபோனை எடுத்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டபோதும் இதே கதைதான். அப்பாவின் தோள் பழுதானதும் படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு வந்தேனே, எல்லாரும் என்னைப் பாவம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாடுகள் பெயர் கூப்பிடுவதில்லை.

அம்மா வாரம் முழுக்க டவுனில், முதியோர் இல்லத்துச் சமையலறையில். இன்ஷூரன்ஸுக்காக அந்த வேலையை விட முடியாதாம். சனிக்கிழமை வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு ஊமைங்களை விட்டுட்டுப் போனா வீடு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தரையைத் துடைக்கிறாள்.

உன் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த இருபத்திரண்டு கிடாரிகளும் எப்படி இருக்கின்றன? இன்னும் யார் வந்தாலும் அதைத்தான் சொல்கிறார். "எல்லாம் நம்ம பெரிய காளை ஜட்ஜோட பொண்ணுங்க. அதுங்களோட சேர விட்டதும் ஜட்ஜோட மகன்தான். ரத்தம் வெளிய போகவே இல்ல." கோடையில் உங்களிடம் இருந்த அந்த மகன், நம் சின்னக் காளை, நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டான். அடுத்த மே மாதம் மறுபடியும் அவனையே கொண்டுவந்து விடுவாராம். ஜட்ஜ் பெரியவரும் சௌக்கியம். தினமும் வாலைச் சீவிவிடுகிறேன். சீவும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.

மாட்டினச் சங்கத்துப் பத்திரிகை இந்த வாரம் வந்தது. அப்பா நின்றபடியே படித்தார். பிறகு அடுப்பில் போட்டுவிட்டார். இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்லு.

உன் தங்கை,
ஹேட்டி


கான்ஸஸ்,
டிசம்பர் 7, 2008

என் செல்ல ஹேட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நேரில் பத்து வருஷம் பேசியதைவிட அதில் அதிகம் பேசியிருக்கிறாய்.

கிடாரிகள் எல்லாம் சினை. வயிறு உருண்டு, எருமை மாதிரி நடக்கின்றன. கோல்பி தினமும் வேலி ஓரம் நின்று பார்க்கிறார். "உங்கப்பா எனக்குப் பொண்ணைக் குடுத்தாரா, கிடாரிங்களைக் குடுத்துட்டுப் பொண்ணைச் சும்மா கூட அனுப்பினாரா?" என்று கேட்கிறார். நான் விளக்குமாற்றைத் தூக்கினேன்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். இந்த நிலத்தின் சொந்தக்காரி இரண்டு ஈற்றுப் பருவம்தான் பார்ப்பாளாம். இரண்டிலும் கன்றுகள் நன்றாக நின்றால் குத்தகை தொடரும். இல்லையென்றால் நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துவிடுவாள். அப்படி ஆனால் கோல்பி தன் அப்பாவின் தீவனக் கடையில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அதைவிடச் செத்துப்போவதே மேல் என்பார். அதனால் எங்களுக்கு இப்போதைக்கு மாடும் வீடும் வயிறும் எல்லாமே இந்த இருபத்திரண்டுதான். அப்பாவிடம் சொல்லாதே, கவலைப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். உடம்பு சரியில்லையா? எழுது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
கார்லின்


பிரெக்கி பண்ணை,
பிப்ரவரி 22, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஈற்று ஆரம்பித்துவிட்டது.

அப்பாவுக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தோள் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடும்.

இந்த வருஷக் கன்றுகள் பெரும்பாலும் நல்ல கன்றுகள். பனியில் நீராவி பறக்க எழுந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நிற்காதவையும் உண்டு. உனக்கு எழுத வேண்டாமென்று அப்பா சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால் அதை எழுதவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் லூபின் முளைக்குமா? நம் மலைமேட்டு மேய்ச்சலில் ஜூனில் நீலநீலமாகப் பூக்குமே, அந்தச் செடி. சினை மாடு தின்றால் கன்று கோணலாகப் பிறக்கும் என்று அப்பா மாடுகளை அந்தப் பக்கம் விடாமல் விரட்டுவாரே, அது. சும்மாதான் கேட்கிறேன்.

உன் கிடாரிகள் எப்போது ஈனும்? முதல் கன்று விழுந்ததும் எழுது. எப்படி இருந்தது என்றும் எழுது.

அத்தானையும் கேட்டதாகச் சொல்.

ஹேட்டி


கான்ஸஸ்,
மார்ச் 22, 2009

அன்பு ஹேட்டிக்கு,

நலமே. உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். நேரமில்லை, சுருக்கமாக முடிக்கிறேன்.

பத்தொன்பது கன்றுகள் தரையில் ஓடுகின்றன. முதல் ஈற்றுக் கிடாரிகளுக்கு இது மோசமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தால் ஒன்றிரண்டு போகத்தானே செய்யும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார், எல்லாம் நல்லபடி என்று சொன்னேன். நீயும் அப்படியே சொல்.

லூபின் இங்கே கிடையாது. அப்படி ஒரு செடியே கோல்பிக்குத் தெரியவில்லை. அவர் அம்மாவிடம் கேட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருப்பவள், "அது என்ன, சோப்புப் பேரா?" என்றாள். ஏன் கேட்டாய்?

கோல்பி இப்போது அதிகம் பேசுவதில்லை. வேலை அதிகம்.

அம்மாவுக்கு முத்தம்.

கார்லின்


பிரெக்கி பண்ணை,
மார்ச் 29, 2009

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமையில்லை. மன்னித்துக்கொள். அப்பா எழுத வேண்டாமென்று சொன்னதை எழுதப்போகிறேன்.

இங்கே ஒன்பது கன்றுகள் போய்விட்டன. குளிரில் இல்லை. செத்தே பிறந்தன. முதலாவதை நானும் அப்பாவும் சேர்ந்து இழுத்தோம். காலில் சங்கிலியை மாட்டும்போதே தெரிந்தது, முட்டி மடங்கவில்லை. விறகுக் கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது நான்கு கால்களும் விறைத்து வளைந்து, முதுகு திருகி, உடம்பில் சதை என்று ஒன்றுமே இல்லாமல், எலும்பின் மேல் ஈரத்தோல் போர்த்தின மாதிரி. தாய் எழுந்து திரும்பி அதை நக்க ஆரம்பித்தது. விடவே இல்லை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "லூபின்" என்றார்.

"எல்லா மாட்டையும் வெரட்டினோமேப்பா."

"ஒண்ணு ரெண்டு நமக்குத் தெரியாம தின்னிருக்கும். எங்கப்பா காலத்துலயும் இப்படி வந்திருக்கு. போய் வைக்கோல் எடுத்துட்டு வா."

நான் அந்தக் காலத்தில் இல்லை, அதனால் வைக்கோல் எடுக்கப் போனேன். நான்காவது கன்றுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடாமல் தனியாகவே இழுத்தார், அந்தத் தோளை வைத்துக்கொண்டு. குன்றுக்குப் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்கும். திரும்பி வந்து காப்பி கேட்பார். ஒரு நாள் மட்டும், "கார்லினுக்கு எழுதாத. அங்க அதுங்க இப்பதான் கால் ஊணுதுங்க" என்றார்.

நவம்பரில் அவர் எரித்த பத்திரிகையை நான் முன்னாலேயே படித்துவிட்டேன், தபால்பெட்டியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில். அதில் படம் இருந்தது. அதே கன்று. இது செடியால் வருவதில்லை, ரத்தத்தில் வருகிறது என்று போட்டிருந்தது. தகப்பனுக்கும் தாய்க்கும் ஒன்றும் இருக்காதாம், பார்க்க அழகாக இருப்பார்களாம். இரண்டு பேருமே அந்தக் கோளாறைச் சுமக்கிறவர்களாக இருந்து, இரண்டு பேரிடமிருந்தும் கன்றுக்கு அது இறங்கினால்தான் இப்படி ஆகுமாம். எந்தக் காளையின் வழியில் வருகிறது என்று பெயரும் இருந்தது. ஜட்ஜின் அம்மா வழியில் அந்தப் பெயர் இருக்கிறது. அப்பா பெருமையாகச் சொல்லி நாம் மனப்பாடம் செய்த பெயர்தான்.

ஆனால் அப்பா சொல்வது மாதிரி லூபினாகவும் இருக்கலாம். இங்கே லூபின் இருக்கிறது. என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்டேன். உன் கிடாரிகள் சினையானது அங்கே. தின்றது அந்த ஊர்ப் புல்.

இருபத்திரண்டில் மூன்று போனது எப்படி? எப்படிப் பிறந்தன? ஒரு வரி போதும். மே கடைசியில் அப்பா சின்னக் காளையை ஏற்றிக்கொண்டு வரப்போகிறார். அவனை மறுபடியும் அவற்றோடு விட்டால் அடுத்த வருஷமும் இதேதான். அதற்குள் எழுது.

ஹேட்டி


கான்ஸஸ்,
ஏப்ரல் 19, 2009

ஹேட்டி கண்ணுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றும் நீ சொன்ன மாதிரிதான். கால் மடங்கவில்லை. முதுகு திருகியிருந்தது.

கோல்பியிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? என்னால்தான், நான் இழுத்த விதம் தப்பு, வயிற்றுக்குள்ளேயே கன்றைத் திருகி இழுத்துவிட்டேன் என்று. அப்பாவின் மாட்டைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவரும் நம்பினார். அதற்குப் பிறகு கிடாரிகள் ஈனும்போது என்னைப் பக்கத்தில் விடவில்லை. மூன்றாவதை அவரே இழுத்தார். அதுவும் அப்படியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். "இதையும் நீயா திருகின?" என்று கேட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் மேய்ச்சல் காட்டுக்குத் தீ வைத்தோம். இங்கே வருஷா வருஷம் பழைய புல்லை எரிப்பார்கள். குன்றெல்லாம் கரி. அந்தப் புகையில் நின்றுகொண்டு உன் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்தார். "உன் தங்கச்சி பேசமாட்டான்னு சொன்ன?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இங்குள்ள மாட்டு டாக்டர் சொல்கிறார், இப்போது இதற்கு டி.என்.ஏ. பரிசோதனை வந்துவிட்டதாம். ரத்தம்கூட வேண்டாம். வாலிலிருந்து ஒரு கொத்து முடி. வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும். வேர் இருந்தால்தான் பலிக்கும். காகித உறையில் போடு, பிளாஸ்டிக்கில் போட்டால் வியர்த்து வீணாகிவிடுமாம். சின்னக் காளைக்கு ஒரு உறை, ஜட்ஜுக்கு ஒரு உறை. பெயர் எழுதி எனக்கு அனுப்பு. பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர மூன்று வாரமாவது ஆகும்.

அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய் என்று சொல்லத்தான் ஆசை. கேட்டால் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முடியாது என்றால் விட்டுவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா


பிரெக்கி பண்ணை,
ஏப்ரல் 25, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு உறைகளும் இதனுள்ளே இருக்கின்றன. பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

சின்னவனுடையது சுலபம். தீவனத் தொட்டியில் தலையை விட்டால் உலகத்தையே மறந்துவிடுவான். ஒரு உதை விட்டான், என் மேல் படவில்லை.

ஜட்ஜுடையது அப்படி இல்லை. வழக்கம்போல வாலைச் சீவினேன். கண்ணை மூடிக்கொண்டான். விரலில் கொஞ்சம் முடியைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தேன். கண்ணைத் திறந்து திரும்பி என்னைப் பார்த்தான். உதைக்கவில்லை. உதைத்திருந்தால் தேவலை.

முடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அப்பா வாசலில் நிற்கிறார்.

"என்ன பண்ற?"

"சிக்குப்பா. எடுத்துட்டேன்."

"சிக்கு எடுத்தா அதைக் கீழ போட வேண்டியதுதான?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் என் மூடின கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜட்ஜின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டின்போது ஒன்றும் கேட்கவில்லை.

தபால்காரர் வண்டி வரும்வரை பெட்டி பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.

ஹேட்டி


பிரெக்கி பண்ணை,
மே 14, 2009

அக்காவுக்கு,

நலம்தானே? முடிவு வந்துவிட்டதா? வந்தும் எழுதவில்லையா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கன்றுகளுக்கு முத்திரை போட்டோம். சுற்றுவட்டாரமே வந்திருந்தது. அம்மா இரண்டு அண்டா பீன்ஸும் மாட்டிறைச்சி வறுவலும் செய்தாள். நான் கன்றுகளுக்கு ஊசி போட்டேன், அதற்குப் பேசத் தேவையில்லை. கீழ்ப்பக்கத்துப் பண்ணை வெர்ன் தன் தொப்பியால் என் தலையில் தட்டி, "ஏம்மா ஹேட்டி, வார்த்தைக்கு ரேஷன் போட்டிருக்காங்களா உங்க வீட்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு வெர்ன் நம் அப்பாவிடம் சொன்னார், "ஆர்லோ, போன தடவை மாதிரி ஜட்ஜோட மகன் ஒண்ணு எனக்கு எடுத்து வை. ஜூன்ல வரேன்."

அப்பா முத்திரைக் கம்பியை நெருப்பில் திருப்பிக்கொண்டே இருந்தார். முகத்தைத் தூக்காமல், "பாக்கலாம்" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்பென்றால் வெர்னின் தோளில் கைபோட்டுக் காளைக் கொட்டடிக்கே கூட்டிப் போயிருப்பார். அப்பாவுக்குத் தெரியும் அக்கா. தெரிந்துகொண்டேதான் தெரியாத மாதிரி இருக்கிறார். எனக்கு அது பயமாக இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை விடிந்ததும் சின்னவனை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். வெள்ளி மாலை அங்கே இருப்பார். டிரெய்லருக்கு டயர் மாற்றிவிட்டார். போக வேண்டாமென்று அவரிடம் சொல்லப் பார்த்தேன். "ஏன்?" என்றார். ஏனென்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, முடிவு உன்னிடம்தான் வரும்.

முடிவு வராவிட்டாலும் அவனை இறக்க விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹேட்டி


கான்ஸஸ்,
மே 24, 2009

அன்பு ஹேட்டிக்கு,

முதலில் இதைப் படி. காளை இறங்கவில்லை. நீ சாப்பிடு.

முடிவு அப்பா வருவதற்கு முந்தின நாள்தான் வந்தது. இரண்டுமே அந்தக் கோளாறைச் சுமக்கின்றன. ஜட்ஜும் மகனும். டாக்டர் அதை மூன்று முறை சொன்னார், எனக்குப் புரியவில்லையோ என்று. எனக்கு நன்றாகவே புரிந்தது.

அப்பா வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இறங்கினவுடனே என்னிடம் அம்மா கொடுத்த லெஃப்சே ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். நேராக மேய்ச்சல் வாசலுக்கு டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டினார்.

"கேட்டைத் தொற மாப்ள. ரெண்டு நாளா நின்னுட்டே வந்திருக்கான்."

கோல்பி கேட்டில் கை வைத்தபடி நின்றார். திறக்கவில்லை. "கார்லின் ஏதோ சொல்லணுமாம் மாமா."

"எறக்கிட்டுச் சொல்லட்டும்."

"எறக்க வேணாம்ப்பா," என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். "மூணு கன்னு போச்சுப்பா. திருகிப்போய்ப் பொறந்துச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

"லூபின்," என்றார். யோசித்துச் சொன்னது இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது மாமா," என்றார் கோல்பி. மெதுவாகத்தான் சொன்னார். "இங்க அது மொளைக்கறதில்ல."

அப்பா திரும்பிக் குன்றுகளைப் பார்த்தார். எரித்த இடமெல்லாம் இப்போது முழங்கால் உயரம் புல். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. எவ்வளவு தூரம் பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்த்தார். ஒரு நீலப்பூ கண்ணில் பட்டுவிடாதா என்று தேடுவதுபோல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

பரிசோதனை முடிவைச் சொன்னேன். "முடி ஏது உனக்கு?" என்றார்.

"கிடாரிங்ககிட்ட எடுத்தேன்."

"கிடாரி வால்ல ஜட்ஜோட முடி மொளைக்குதா?"

"உனக்கும் பொய் சொல்ல வரல," என்றார். "உங்கம்மாவுக்கும் வராது." அவ்வளவுதான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

டிரெய்லருக்குள் வாளியில் தண்ணீர் வைத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றார். உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்றேன், ராத்திரி தங்குங்கள் என்றேன். வண்டியில் ஏறிவிட்டார். கண்ணாடியை இறக்கி கோல்பியிடம், "அவ இழுத்தது தப்பில்ல. அவ நல்லா இழுப்பா. நான்தான் கத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கோல்பியிடம் சொன்ன அந்தப் பொய் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கோல்பியே ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் மழுப்புகிறார்.

இன்றைக்கு இரண்டு நாள் ஆகிறது. வீடு வந்து சேர்ந்தாரா? இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, அம்மாவுக்கு ஃபோன் செய்கிறேன். உனக்குக் கடிதத்தில் சொல்லத்தான் தோன்றிற்று.

கார்லின்


பிரெக்கி பண்ணை,
ஜூன் 6, 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா ஃபோனில் சொல்லியிருப்பாள். ஆனால் அம்மா டவுனில் இருந்தாள், பார்த்தது நான்தான்.

நீ கடிதம் எழுதின மறுநாள், திங்கட்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். நான் வேலியில் இருந்தேன். வாசல் தரையில் பதித்த இரும்புக் கம்பிகள் மேல் வண்டி ஏறும்போதே தெரிந்துவிட்டது, காலி டிரெய்லர். மாடு உள்ளே இருந்தால் அப்படிக் கலகலக்காது. அவனை உங்களிடம் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். கவிழ்ந்த வாளி ஒன்றுதான்.

"வழியிலயே கறிக்குக் குடுத்துட்டேன்," என்றார். தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குக் கொண்டுவந்தா மனசு மாறிடும்."

அன்றைக்கே அத்தானுக்கு ஃபோன் செய்தாரே, அதை நான் கேட்டேன். "எங்கயாவது சுத்தமான காளை ஒண்ணு பிடி மாப்ள. வேற ரத்தமா இருக்கணும். வெள்ளை மூஞ்சி ஹெர்ஃபோர்டு ஜாதியா இருந்தாலும் சரி." கறுப்பைத் தவிர வேறு எதையும் மாடு என்றே ஒத்துக்கொள்ளாத மனுஷர். வெள்ளை மூஞ்சி என்று சொல்லும்போது கசப்பு மாத்திரை விழுங்கின மாதிரி முகம். அத்தானுக்கு அது தெரியாது, நீ சொல்லு. உன் கிடாரிகள் பிழைத்துவிடும். கோளாறு இல்லாத காளை போட்டால் அடுத்த வசந்தத்தில் ஒரு கன்றும் அப்படிப் பிறக்காது. குத்தகையும் போகாது.

இந்த வியாழக்கிழமை வெர்ன் காளை வாங்க வந்தார். நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். வழக்கமாக வண்டி நின்றதும் அப்பா காப்பிக்கு உள்ளே கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. தானே நடந்து வண்டிப் பக்கம் போனார்.

"வெர்ன், உனக்குக் காளை தரமாட்டேன்."

"ஏன், என்னைவிட அழகா எவனாவது கேட்டானா?"

"ஜட்ஜுக்குக் கோளாறு இருக்கு. ரத்தத்துல. உனக்குக் குடுத்த மகனுக்கும் இருக்கலாம். எனக்கு ஒம்பது கன்னு போச்சு."

வெர்ன் வண்டி எஞ்சினை அணைத்தார்.

"எனக்கு நாலு," என்றார்.

"எப்ப?"

"மார்ச்ல. கால் வெறைச்சு."

"முத்திரை போட வந்தப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு உன் காளையைப் பத்திச் சொல்லச் சொல்றியா? லூபின்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்யா இன்னொண்ணு கேட்ட?"

"நான் கேக்கலைன்னா நீ ஏன்னு யோசிப்பேல்ல."

அப்பா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் கேட்டதைக் கேட்டு நான் ஜன்னலைவிட்டு விலகிவிட்டேன். நம் பக்கத்தில் ஒருவரிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்பது அவர் சட்டைப்பையில் கையை விடுவது மாதிரி. அப்பா யாரிடமும் கேட்டதில்லை. தன்னிடம் கேட்ட ஒரு மாப்பிள்ளைப் பையனை உனக்கு வேண்டாமென்று சொன்னவர்.

"அந்தக் காளைக்குப் பொறந்தது உன்கிட்ட எத்தனை இருக்கு, வெர்ன்? மொத்தம் எத்தனை மாடு வெச்சிருக்க?"

வெர்ன் எண்ணைச் சொன்னார். உனக்குக்கூட அதை எழுத மாட்டேன், அது அவருடையது. சொல்லிவிட்டு, "உன்னோடது?" என்றார். அப்பாவும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் உள்ளே வந்து காப்பி குடித்தார்கள். இன்னும் யார் யாருக்குக் காளை போயிருக்கிறது என்று பேசினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பாவே நேரில் போகிறாராம். கூட வருகிறேன் என்று வெர்ன் சொன்னார். அப்பா வேண்டாமென்றார்.

நேற்று முழுக்கப் பசுக்களைக் கம்பிக் கூண்டுக்குள் ஒவ்வொன்றாக விட்டு முடி எடுத்தோம். முதல் பசு வந்து நின்றதும் நான் உறையோடு தள்ளி நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"தள்ளி நின்னா? நீதான் பிடுங்கணும். எனக்குத் தோள் வலிக்குது." கொஞ்சம் கழித்து, "வேரோட வரணும்னு உனக்குத் தெரியுமே" என்றார்.

"தெரியும்ப்பா."

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நான் பிடுங்கினேன், அவர் உறையில் எண் எழுதினார். தப்பாக எழுதின இரண்டு எண்ணை நான் சொன்னேன், திருத்தினார். எத்தனை பசு தேறும் என்று தெரிய மாதக் கடைசி ஆகும். பாதி போனாலும் மீதி பாதி இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அம்மா இந்த வாரம் லீவு போட்டு வீட்டிலேயே இருக்கிறாள்.

ஜட்ஜை வருகிற திங்கட்கிழமை கறிக்கு ஏற்றுகிறோம். வயதும் ஆகிவிட்டது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நீ வர வேண்டாம், வீட்டிலேயே இரு என்று அப்பா சொல்லிவிட்டார். அவன் டிரெய்லரில் ஏறுவதற்கு முரண்டு பிடிப்பான், நான் முன்னால் நடந்தால்தான் பின்னாலேயே வருவான். அது அப்பாவுக்கும் தெரியும்.

அதனால் நானும் கூடப் போகப்போகிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல். கிடாரிகளுக்கு வாலைச் சீவிவிடு, கூச்சம் போகும்.

உன் அன்புத் தங்கை,
ஹேட்டி